ரைட் சொல்லாத ஓல்டான்

அன்று காலை சரியாக எட்டு மணி இருபத்தைந்து நிமிடத்துக்குக் கரண்ட் போனது.

திருச்செங்கோட்டில் கரண்ட் போவதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். மற்ற நாளில் இல்லைதான். ஆனால் அன்று பதினோரு மணிக்கு என் மகள் சுமதிக்குக் கம்ப்யூட்டர் டிப்ளமோவின் கடைசிச் செய்முறைத் தேர்வு. அவள் எழுதிய புரோகிராம் பரீட்சை அதிகாரியின் கண்முன்னால் ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஒரு வருடம் போச்சு. கரண்டோடு சேர்ந்து கம்ப்யூட்டருக்குள்ளிருந்த ஒரு முக்கியமான வரியும் போய்விட்டது. அதைத் திரும்ப ஏற்றத் தெரிந்த ஒரே மனிதர் எடப்பாடிக்குப் போயிருந்தார். அவர் பெயர் ஓல்டான்.

ஓடுகிற தேரை ஒரே சொல்லில் நிறுத்தக்கூடியவர் எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். நிறுத்தியும் இருக்கிறார். ஒரு வைகாசியில் தேர் முனை திரும்பும்போது யாரோ விட்டுப்போன சைக்கிள் ஒன்று குறுக்கே நின்றது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து "ஓல்டா...ன்!" என்று அவர் போட்ட சத்தத்தில், இழுத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். சைக்கிள் பிழைத்தது. மறுபடி தேரைக் கிளப்ப முக்கால் மணி நேரம் ஆனது.

பெற்றவர்கள் அவருக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு இன்றுவரை தெரியாது. லாரி கிளீனராக வாழ்க்கையைத் தொடங்கியவர். லாரி பின்னால் வரும்போது பக்கவாட்டில் தட்டி "வா, வா, வா, ஓல்டான்" என்று நிறுத்துவார்களே, அந்த ஓல்டான்தான் அவருக்குப் பெயராகிவிட்டது. வண்டியை நிறுத்துவதற்கு ஓல்டான், கிளப்புவதற்கு ரைட். கிளீனர் வேலைக்கு இந்த இரண்டு சொல் போதும். இவரிடம் ஒன்றுதான் இருந்தது.

இன்னொன்றை அவர் விட்டது பெரிய கதை. பத்தொன்பது வயதில் ஓமலூர் பக்கம் ஒரு லாரியைப் பின்னால் எடுக்கும்போது, சரியாகப் பார்க்காமல் "ரைட், ரைட்" என்று சொல்லிவிட்டார். லாரி நேராக ஒரு முட்டை லாரியின் மேல் போய் உட்கார்ந்தது. நாமக்கல்லில் ஏற்றிய லோடு. ரோடு முழுக்க மஞ்சள். பெங்களூர் போகிற பஸ்களெல்லாம் வழுக்கிக்கொண்டு போயினவாம். டிரைவர் அந்த மஞ்சள் ஆற்றின் நடுவில் நின்றுகொண்டு, "இனி உன்ற வாயில அந்த வார்த்தை வந்துச்சுன்னா நாக்க அறுத்துப்போடுவேன்" என்றாராம். இவர் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து இருபது வருடமாக அவர் ரைட் என்ற சொல்லைச் சொன்னதே இல்லை. அதற்குப் பிறகு அவர் வேலை செய்த லாரிகள் எப்படிக் கிளம்பின என்பது எனக்கு விளங்காத விஷயம். வண்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று சொல்லக் கேள்வி.

ஓல்டான் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஒரு உறவுக்காரக் கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தபோது, மேளக்காரரின் கால் பக்கத்தில் இருந்த குத்துவிளக்கில் படப்போவதைப் பார்த்துப் பழக்கத்தில் ஓல்டான் போட்டுவிட்டார். மேளம் நின்றது. மாப்பிள்ளை தாலியோடு அப்படியே நின்றார். பெண்ணின் அப்பா மட்டும் மயங்கி உட்கார்ந்துவிட்டார். "வெளக்குக்குத்தானுங்க சொன்னேன், நீங்க கட்டுங்க மாப்பளே" என்று இவர் சொன்ன பிறகுதான் கல்யாணம் நடந்தது.

இடுப்பு வலி வந்து லாரியை விட்டவர், பம்பாயில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சில வருடம் இருந்தார். பக்கத்து ஆபீசில் கம்ப்யூட்டர் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். பிறகு ஒரு பழைய மிஷினை வாங்கி, லோடில் போடாமல், லாரி கேபினில் தன் மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். வழியில் சாப்பிடக்கூட அதை இறக்கவில்லையாம். பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வந்த மாதிரி இருந்தது என்று அந்த டிரைவர் ஊரெல்லாம் சொன்னார்.

அதை வைத்து அவர் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தது என் தலைக்கு மேலே. நிஜமாகவே தலைக்கு மேலேதான். கீழே என் தட்டச்சுப் பயிலகம், மாடியில் அவர்.

எனக்கு ஆரம்பத்தில் அவர்மேல் அவ்வளவு பிரியம் இல்லை. டைப்ரைட்டருக்குச் சாவுமணி அடிக்க வந்தவர் என்று நினைத்தேன். ஒருநாள் படியில் நிறுத்திக் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, என்ற மிஷின்ல ஒரு எழுத்து அடிச்சா அது காயிதத்துல நிக்குது. உங்க பொட்டியில அடிக்கறது கரண்டு போனா எங்கீங்க போகுது?"

அவர் யோசித்தார். முகம் வாடிவிட்டது. "அதேதானுங்க டீச்சர். அத நெனச்சா எனக்கும் சோறு எறங்கறதில்லீங்க" என்றார். அதற்குமேல் என்னால் சண்டை போட முடியவில்லை.

அவர் பாடம் நடத்துகிற சத்தம் கீழே வரைக்கும் கேட்கும். ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால் ஸ்குரூ டிரைவரின் மரப்பிடியால் மிஷினை நான்கு பக்கமும் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். லாரி டயரில் காற்று இருக்கிறதா என்று கிளீனர்கள் தட்டிப் பார்ப்பது போல. மாணவர்கள் யாராவது விசையில் விரல் வைக்கப் போனால் "ஓல்டான்!" மூச்சு நின்றுவிடும். அப்புறம் அவர் திரையைப் படித்துவிட்டுத் தலையசைத்தால்தான் அழுத்தலாம். "சரியாண்ணா?" என்று கேட்டால், "தப்பு ஒண்ணும் தெரியிலீங்க" என்பார். அவரிடம் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

இப்போது அந்த வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது புரிந்தால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்.

புரோகிராம் எழுதினால் மட்டும் போதாதாம். அதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித்தர உள்ளே கம்பைலர் என்று ஒன்று இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது வரவேண்டும். ஆனால் அது எந்த மூலையில் இருக்கிறது என்று மிஷினுக்குத் தானாகத் தெரியாது. இன்ன இன்ன இடத்தில் போய்த் தேடு என்று முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லி வைக்க வேண்டும். பாத் என்று தொடங்குகிற நீளமான வரி. ஓல்டான் அதற்கு வைத்த பெயர் ரூட் பெர்மிட்.

"லாரியில ஆரு ஏறி உக்காந்தாலும், முன்னாடி கண்ணாடிகிட்ட பெர்மிட்டு இருக்குதல்லங்க? எடுத்துப் பாத்தா எந்தெந்த ஊருக்குப் போலாம்னு தெரிஞ்சுக்கலாம். அதுல இல்லாத ஊருக்கு வண்டி போகாது. அவ்வளவுதானுங்க விசயம்." என்னைவிடப் படித்தவர்கள்கூட அதற்குப் பிறகு இவ்வளவு தெளிவாக எனக்கு விளக்கவில்லை.

ஒருமுறை ஆர்வக் கோளாறில் அந்த வரியில் ஏகப்பட்ட இடங்களைச் சேர்த்துவிட்டார். இதற்கு மேல் வைக்க இடமில்லை என்று மிஷின் சொல்லிவிட்டது. ஓல்டான் கொஞ்சமும் கலங்கவில்லை. "ஓவர்லோடு" என்றார். இரண்டு ஊரை இறக்கிவிட்டார். வண்டி கிளம்பிவிட்டது.

சிக்கல் என்னவென்றால் கரண்ட் போனால் இந்தப் பெர்மிட் கிழிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும். மிஷின் கண் விழித்ததும் தானாகவே படித்துக்கொள்கிற மாதிரி ஒரு கோப்பில் அதை எழுதி வைக்கலாம், எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சுமதியே அவரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"அம்மிணி, கிளீனரு தெனமும் டயரத் தட்டிப் பாக்கோணும். நேத்தே தட்டியாச்சுன்னு சீட்டு எழுதி ஒட்டீட்டுப் போனா ஆகுமா?"

ஆகாது என்று அவளுக்கே தோன்றிவிட்டதாம். ஆக, தினமும் காலையில் கடை திறந்ததும் மனப்பாடமாக அந்த வரியை அடிப்பார். கரண்ட் போனால் மறுபடி. ஒரு கோடை நாளில் பதினொரு முறை அடித்தார். மாணவர்கள் ஒவ்வொரு முறையும் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறுகிற பயணிகள் மாதிரி வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார்கள்.

சுமதியின் கல்லூரியில் இருந்த இரண்டு மிஷினில் ஒன்று படுத்துவிட்டது. மற்றது முதல்வர் அறையில் பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டிருந்தது. அதனால் ஓல்டானின் சென்டரிலேயே தேர்வை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தோம். அவள் எழுதியிருந்தது போர்வெல் ரிக் வண்டிகளுக்கான புரோகிராம். எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு, அடுத்து அந்தப் பக்கம் போகும்போது எத்தனை குழாய் ஏற்ற வேண்டும் என்று சொல்லும். மூன்று மாத உழைப்பு. அவள் சோற்றில் கை வைத்தபடியே அதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தேர்வுக்கு முதல் நாள் எடப்பாடியில் ஒரு தறி ஓனரின் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று ஓல்டானுக்கு அவசர அழைப்பு. போவதற்கு முன்னால் பெர்மிட் வரியை அடித்துவிட்டு, மிஷினை நிறுத்தாமல் ஓடவிட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார். கூடவே ஒரு சீட்டு. அந்த வரியைத் தன் கையால் எழுதியிருந்தார். அவர் அதை எழுதியதே அதுதான் முதல் தடவை. எழுதும்போது முகம் எப்படியோ இருந்தது.

"கரண்டு போனா மட்டும் இத அப்பிடியே அடிச்சுப்போடுங்க டீச்சர். உங்க கை மாதிரி சுத்தமான கை இந்த ஊர்ல இல்லீங்க. காலைல எட்டு மணிக்கெல்லாம் வந்துருவனுங்க."

எட்டு மணிக்கு அவர் வரவில்லை. எட்டு இருபத்தைந்துக்குக் கரண்ட் போனது. எட்டு நாற்பதுக்கு வந்தது.

"கவலப்படாத கண்ணு, சீட்டுதான் இருக்குதே" என்று சுமதியைத் தேற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஓல்டான் என் கையைத்தான் நம்பிப் போயிருந்தார் என்பதால் நானே அடித்தேன். சீட்டைப் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சீட்டில் வைத்து, விரலை மட்டும் ஓடவிட்டேன். இருபத்திரண்டு வருடத் தட்டச்சு. ஒரு பிழை இராது. கடைசியில் அழுத்த வேண்டியதை அழுத்தினேன்.

தவறான கட்டளை என்றது மிஷின்.

கம்பைலரைக் கூப்பிட்டோம். அதற்கும் தவறான கட்டளை. மறுபடி அந்த வரியை அடித்தேன். மறுபடி அதே பதில். சுமதி சீட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் படிக்க, நான் திரையில் விரல் வைத்து ஒப்பிட்டேன். பாத் என்ற சொல்லில் தொடங்கிக் கடைசிப் புள்ளி வரை. எல்லாம் சரி. ஆறாவது முறை அடித்தேன். அதே பதில்.

"அம்மா, கரண்டு போனதுல கம்பைலரே அழிஞ்சு போயிருக்குமோ?" என்றாள். அவள் குரல் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அப்படியெல்லாம் ஆகாது என்று சொன்னேன். அப்படி ஆகுமா ஆகாதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கீழே இறங்கி, எதிரே மருந்துக்கடையில் எடப்பாடிக்கு ட்ரங்க் கால் போட்டேன். கிடைத்தபோது ஒன்பதரை. மறுமுனையில் பத்துத் தறி ஒன்றாக ஓடுகிற சத்தம்.

"கம்ப்யூட்டர்காரர் இருக்காருங்களா?"

"ஆருங்க, ஓல்டானுங்களா? அவரு மொத பஸ்ஸுக்கே கெளம்பீட்டாருங்க. நெம்பத் தங்கமான மனுசனுங்க. எங்க மிஷினு இப்ப ஜோரா ஓடுதுங்க!"

"அது இருக்கட்டுமுங்க, எந்த வழியா..."

"ஸ்குரூ டிரைவர்ல ஒரே தட்டுத்தானுங்க! காத வெச்சுக் கேட்டாரு பாருங்க, டாக்டரு தோத்துப்போயிருவாரு!"

தறி ஓனர் ஓல்டானைப் புகழ்ந்து முடிப்பதற்குள் மூன்று நிமிடமும் முடிந்து லைன் கட்டாகிவிட்டது.

பத்து முப்பதுக்குப் பரீட்சை அதிகாரி வந்தார். அரை மணி முன்கூட்டியே. கோயம்புத்தூர்க்காரர், சஃபாரி சூட், மணிக்கட்டின் உள்பக்கம் கட்டிய கடிகாரம். அவரை மாடிக்கு விடாமல் என் பயிலகத்தில் உட்கார வைத்து காபி வரவழைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்கு ஆரம்பிச்சிடணும்மா. பன்னெண்டு மணிக்கு நான் அடுத்த காலேஜ்ல இருக்கணும். மிஷின் ரெடிதானே?"

"ரெடியாயிட்டே இருக்குதுங்க சார்" என்றேன். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று என் மாணவிகளின் பயிற்சித் தாள்களை எடுத்துக் காட்டினேன். ஒரு பரீட்சை அதிகாரிக்கு வேறு எதைக் காட்டுவது? அவரும் மரியாதைக்குப் புரட்டினார்.

"எல்லாத் தாள்லயும் மேல ரெண்டுன்னு போட்டிருக்கே, ரெண்டாவது பேட்ச்சா?"

"இல்லீங்க சார், அது பிள்ளையார் சுழிங்க. இங்கிலீஷ் மிஷின்ல உ இல்லீங்களே. ரெண்டு பாக்க அப்பிடியே சுழி மாதிரி இருக்கும். நான் கத்துக்கொடுக்கற புள்ளைங்க எல்லாரும் அதப் போட்டுட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. பெரிய கடுதாசின்னா தலைப்புல தனியா. ஒத்த வரின்னா அதே வரில முன்னாடி."

"நல்ல வழக்கம்தான்" என்று அவர் காபியைக் குடித்தார். நானும் நல்ல வழக்கம்தான் என்று பெருமையாகத் தலையாட்டினேன். இதை எழுதும்போதுகூட என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

பத்து நாற்பத்தெட்டுக்குத் தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது.

"ஓல்டா...ன்!"

தெருவில் போன இரண்டு சைக்கிளும் ஒரு எருமையும் நின்றன. ஒரு முட்டை லாரி வந்து நின்றது. முட்டை லாரியேதான். கேபினிலிருந்து ஓல்டான் குதித்தார். சட்டை முழுக்கக் கிரீஸ், முழங்கையில் சிராய்ப்பு. படியேறிக்கொண்டே மூச்சு வாங்கச் சொன்னார்: சங்ககிரிக்கு முன்னால் பஸ் பஞ்சர். பஸ்காரர் ஜாக்கியைக் கோணலாக வைத்திருக்கிறார். இவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அடியில் புகுந்து டயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் பஸ் நகர்கிறது. பின்னாலேயே ஓடி ஓல்டான், ஓல்டான் என்று கத்தியிருக்கிறார். தேரை நிறுத்தியவருக்கு அந்த பஸ் நிற்கவில்லை. வெகு நேரம் கழித்து நின்றது இந்த முட்டை லாரி ஒன்றுதான்.

"அந்த டிரைவருக்குக் காது மந்தமுங்க டீச்சர்" என்றார். அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை என்று நினைக்கிறேன்.

சுமதி அழுது முடித்த முகத்தோடு மிஷினைக் காட்டினாள். "ஆறு தடவ அடிச்சோமுங்கண்ணா. ஒரு எழுத்து மாறுல. கம்பைலரு அழிஞ்சுபோச்சுங்களா?"

ஓல்டான் திரையைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். ஸ்குரூ டிரைவரை எடுக்கவில்லை. காதையும் வைக்கவில்லை. நிமிர்ந்து நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். இரண்டு கையாலும் நெற்றிப் பொட்டில் மூன்று முறை குட்டிக்கொண்டார். காதைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலியோடு, மூன்று தோப்புக்கரணம் போட்டார்.

எல்லாம் முடிந்துவிட்டது, கடவுள்தான் துணை என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"டீச்சர்" என்றார் மெதுவாக. "இங்க ஆருங்க சாமிய வெச்சது?"

"என்ன சாமிங்க?"

அவர் விரல் திரையில் அந்த வரியின் தலையைத் தொட்டது. ஆறு முறை அடித்த ஆறு வரி. ஆறின் தலையிலும் ஒரு 2.

என் விரல்கள் என்னைக் கேட்காமல் செய்த வேலை. இருபத்திரண்டு வருடமாக எந்தத் தாளிலும் அது இல்லாமல் நான் தொடங்கியதில்லை. நானும் சுமதியும் அத்தனை முறை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டோமே, எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் அது ஏன் படவில்லை? எங்களுக்கு அது எழுத்தே இல்லை. அது பிள்ளையார். பிள்ளையாரை யார் சரிபார்ப்பார்கள்?

"மிஷினு மொதல்ல வர்ற வார்த்தையத்தான் கட்டளைன்னு எடுத்துக்குமுங்க. ரெண்டுன்னா ஆருன்னு அதுக்கெப்பிடித் தெரியும், பாவம்? பெர்மிட்டு வரைக்கும் வரவே இல்லீங்க. சாமிய நடு ரோட்டுல உக்கார வெச்சுப்போட்டு வண்டிய எடுன்னா எப்பிடிங்க எடுக்கும்?"

"எடுத்துருங்க, எடுத்துருங்க! சீக்கிரம் அழிச்சுடுங்க!" என்று நான் பதறினேன். மணி பத்து ஐம்பத்தைந்து.

"ஓல்டான்!" என்றார். "சாமிய ஆராச்சும் அழிப்பாங்களாங்க? நல்ல நாளும் அதுவுமா?"

பரீட்சை அதிகாரி படியேறி வருகிற பூட்ஸ் சத்தம் கேட்டது. ஓல்டான் உட்கார்ந்தார். அப்புறம் அவர் செய்ததுதான் என்னால் நம்ப முடியாதது. மிஷின் விழித்ததும் தானாகப் படித்துக்கொள்ளும் கோப்பு என்று சொன்னேனே, எழுதவே மாட்டேன் என்று அத்தனை வருடம் பிடிவாதமாக இருந்தாரே, அந்தக் கோப்பை எழுதினார். முதல் வரியில் ரெம் என்று மூன்று இங்கிலீஷ் எழுத்து. அதற்குப் பின்னால் ஒரு 2. இரண்டாவது வரியில் அவருடைய பெர்மிட்.

"ரெம்முன்னு போட்டுட்டா அந்த வரிய மிஷினு படிக்காதுங்க. கும்புட்டுப்போட்டுத் தாண்டிப் போயிரும். சாமிக்கு இனி தனி வரி. அவரும் இருக்கட்டும், வண்டியும் போகட்டும். டீச்சர் கை எப்பிடி அடிக்குதோ அப்பிடியே அடிக்கட்டுமுங்க."

மிஷினை நிறுத்திப் போட்டார். கரகரவென்று விழித்தது. பிள்ளையாரைத் தாண்டியது. பெர்மிட்டைப் படித்தது. சுமதி கம்பைலரைக் கூப்பிட்டாள். வந்தது. அழியவும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டரை மணி நேரமாக நான் விடாமல் வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டேன். அதில் மேசை மேலிருந்த சீட்டு பறந்தது.

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புரோகிராமைப் பார்த்தார், ஓட்டச் சொன்னார், ஓடியது. அவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. "ஜேடர்பாளையம்னு ஒரு ஊரைச் சேரு. அங்க ஆத்துக்குப் பக்கத்துல தண்ணி மேலேயே வரும். எந்த ஊர்ல ஆழம் குறைச்சலோ அது முதல்ல வர்ற மாதிரி மாத்து, பாக்கலாம்" என்றார்.

சுமதி மாற்றினாள். பதினைந்து நிமிடம். நான் சுவரோடு சுவராக நின்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஓடியதா என்று கேட்பவர்களுக்கு: ஓடியது. ஜேடர்பாளையம் முதல் வரியில் வந்து உட்கார்ந்தது. சுமதி தேறினாள், நல்ல மார்க்கும் வாங்கினாள், இப்போது சேலத்தில் வேலையில் இருக்கிறாள். மாடியில் ஓல்டானிடம் இப்போது மூன்று மிஷின். மூன்றும் கண் விழித்ததும் முதலில் பிள்ளையாரைத்தான் தாண்டுகின்றன. எனக்கு மட்டும் இன்னும் காலை எட்டு இருபத்தைந்து ஆனால் கண் தானாக ஃபேனைப் பார்க்கும். அது சுற்றினால்தான் அடுத்த வேலை.

ஆனால் என் மனதில் நிற்பது அது ஓடுவதற்கு ஒரு நொடி முன்னால் நடந்தது. மாற்றி முடித்த சுமதி கடைசி விசைக்கு மேலே விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மூன்று மாதமாக அந்த இடத்தில் அவள் காதில் விழுந்தது ஒரே சொல்தான். அதற்காகக் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். விஷயம் தெரியாத அதிகாரிகூடத் திரும்பிப் பார்த்தார்.

கிரீஸ் சட்டையோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்த ஓல்டான் திரையை ஒருமுறை முழுக்கப் படித்தார். வாயைத் திறந்தார். மூடினார். கதவு நிலையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ரைட்" என்றார். "போலாம், சாமி."